தெர்கோதான் பின்னால் வந்த குழுவா? 1991 டெமோவை மறைத்து எழுதுகிறவர்களுக்கு

பனிமுரசு:

மெதுவான மெட்டல் இசையின் வரலாறு என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்ததை நேற்று படித்தேன். அப்போதிலிருந்து மனசு ஆறவில்லை. டூம் என்ற மெதுவான, கனத்த மெட்டலை இன்னும் மெதுவாக்கி, சவ ஊர்வலம் போல வாசிப்பது ஃபியூனரல் டூம். அந்த வகையைத் தொடங்கியது மெல்போர்ன் நகரத்து டிஸெம்பவல்மென்ட் குழுவாம், 1993-இல் வந்த ஆல்பத்தோடு. ஃபின்லாந்தின் தெர்கோதான் "அடுத்த ஆண்டு அதே வழியில் வந்தது" என்று எழுதுகிறார். தெர்கோதானுக்கு அவர் கொடுத்த இடம் அந்த ஒரு வரிதான்.

அடுத்த ஆண்டு எப்படி ஐயா வரும்? 1994-இல் தெர்கோதான் என்ற குழுவே இல்லை. கொக்கொலா என்ற கடலோர ஊரில் 1990-இல் தொடங்கி 1993-இல் கலைந்துபோன குழு அது. அவர்களுடைய ஒரே ஆல்பமான ஸ்ட்ரீம் ஃப்ரம் த ஹெவன்ஸ் வெளியானபோது குழு கலைந்து முடிந்திருந்தது. குழு கலைந்த பிறகு வந்த ஒரு இசைத்தட்டின் ஆண்டை வைத்து "பின்னால் வந்தவர்கள்" என்று முத்திரை குத்துவது என்ன நியாயம்?

1991-இல் அவர்கள் ஒரு டெமோ கேசட், அதாவது லேபிள் இல்லாமல் தாங்களே பதிவு செய்த மாதிரி நாடா, வெளியிட்டார்கள். ஃப்தாகன் நாஹ் யோக்-சோத்தோத் என்று பெயர். நாலு பாட்டு. அதில் எலிமென்டல் இருக்கிறது, யெட் த வாச்சர்ஸ் கார்ட் இருக்கிறது. இரண்டும் பின்னால் ஆல்பத்திலும் வந்தவை. அப்படியானால் அந்த இசை 1991-இலேயே பிறந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? மறுக்கிறவர் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள்.

கருந்தகடு:

மறுக்கிறேன். டெமோ கணக்கில் வராது.

ஒரு குழுவின் வரலாறு எழுதும்போது வெளியீட்டு ஆண்டுதான் அளவுகோல். ஸ்ட்ரீம் ஃப்ரம் த ஹெவன்ஸ் வெளிவந்தது 1994-இல், இத்தாலியின் ஆவான்கார்ட் மியூசிக் லேபிளில். அந்த லேபிளின் முதல் வெளியீடே அதுதான். டிஸெம்பவல்மென்ட்டின் ஆல்பம் 1993. மூன்றுக்குப் பிறகுதான் நாலு வரும். அந்தக் கட்டுரைக்காரர் தப்பாக எதுவும் எழுதவில்லை.

பனிமுரசு:

லேபிளின் முதல் வெளியீடு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்டது அதையா? 1991-இல் அந்தப் பாட்டுகள் இருந்தனவா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

கருந்தகடு:

இருந்தன. டெமோவாக இருந்தன. டெமோ கணக்கில் வராது.

நிழல்வாசி:

நண்பர்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஆண்டைப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோமா? ஃபியூனரல் டூம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? வேகம் குறைந்தால் போதுமா, பின்னணியில் ஆர்கன் மாதிரி கீபோர்டு இருக்க வேண்டுமா, இல்லை அந்தத் துக்கம்தான் அடையாளமா? அது தெரியாமல் யார் முதல் என்று எப்படிச் சொல்வது?

பனிமுரசு:

அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே பிரச்சினை 1991.

கருந்தகடு அவர்களே, போன வருஷம் இதே இடத்தில் பென்டகிராம் என்ற பழைய டூம் குழுவைப் பற்றிப் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்களுடைய முதல் ஆல்பம் 1985. ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பென்டகிராம் 1970-களிலேயே டூம் வாசித்தார்கள், கேண்டில்மாஸ், செயின்ட் வைட்டஸ் எல்லாம் பிறகுதான்" என்று மூன்று நாள் விடாமல் வாதாடினீர்கள். ஆல்பத்தை விட்டுவிட்டு அன்றைக்குப் பழைய பதிவுகளைக் கணக்கில் எடுத்தவர் நீங்கள். இன்றைக்கு என் குழு என்றதும் விதி மாறிவிட்டதா? உங்களுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?

கருந்தகடு:

விதி மாறவில்லை. பென்டகிராம் 1970-களில் சிங்கிள் போட்டார்கள். அச்சடித்த இசைத்தட்டு. அது வெளியீடு. உங்கள் கேசட் பையன்கள் தாங்களே பிரதி எடுத்து அஞ்சலில் அனுப்பியது. இரண்டும் ஒன்றாகாது. இதை அன்றைக்கே சொன்னேன், நீங்கள்தான் முழுசாகப் படிக்கவில்லை.

பனிமுரசு:

"கேசட் பையன்கள்" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே இயங்கிய மெட்டல் பெரும்பாலும் கேசட்டில்தான் ஓடியது. ஒரு நாட்டில் பதிவான டெமோ இன்னொரு நாட்டுக்கு உறையில் போய், அங்கே ஒருவர் பிரதி எடுத்து இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவார். தெர்கோதானின் செல்வாக்கு பரவியதே அப்படித்தான். நியூ ஜெர்சியில் ஈவோக்கன் என்று ஒரு குழு இருக்கிறது, இன்றைக்கும் இந்த வகையில் பெரிய பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தெர்கோதானின் பாட்டுத் தலைப்பு அது. எந்தப் பாட்டு? ஆல்பத்தின் ஆறு பாட்டையும் தேடிப் பாருங்கள், கிடைக்காது. 1991 டெமோவில்தான் இருக்கிறது! கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தங்கள் குழுவுக்கே அந்தக் கேசட்டிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் கணக்கில் வராது என்கிறீர்கள்.

இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

மெதுநடை:

ஈவோக்கன் பெயர்க் கதை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் ஒரு சின்னத் திருத்தம், அது தெர்கோதான் இல்லை, தெர்கொத்தோன் என்றுதான் எழுத வேண்டும். ஃபின்னிஷ் மொழியில் முதல் அசையில்தான் அழுத்தம் விழும். கடைசியில் 'தான்' என்று இழுப்பது ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வருகிற பழக்கம்.

பனிமுரசு:

தம்பி, இருபது வருஷமாக நான் இப்படித்தான் எழுதுகிறேன். அது ஃபின்னிஷ் சொல்லே இல்லை, அவர்களாக உண்டாக்கிய பெயர். விஷயத்துக்கு வாருங்கள்.

மெதுநடை:

என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். என் வயது உங்களுக்குத் தெரியாது. எழுத்தைத் திருத்தினால் வயதைக் காட்டி வாயை அடைப்பது என்ன பழக்கம்?

தெற்குக்காற்று:

பனிமுரசு, நீங்கள் கேட்டபடியே செய்வோம். டெமோவைக் கணக்கில் எடுப்போம். முழு மனசோடு சம்மதிக்கிறேன்.

டிஸெம்பவல்மென்ட்டின் முதல் டெமோ, மோர்னிங் செப்டம்பர், 1990. இரண்டாவது டெமோ 1991. டஸ்க் என்ற ஈ.பி., அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு, 1992, ரிலாப்ஸ் லேபிளில். ஆல்பம் 1993. டெமோ ஆண்டாலும் சரி, ஆல்பம் ஆண்டாலும் சரி, மெல்போர்ன் ஒரு வருஷம் முன்னால்தான் நிற்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கருந்தகடு:

டெமோ கணக்கில் வராது என்று நான் ஏன் சொன்னேன் என்று இப்போதாவது புரிகிறதா?

பனிமுரசு:

அவசரப்படாதீர்கள். 1990-இல் டிஸெம்பவல்மென்ட் வாசித்தது வேறு. அதில் டெத் மெட்டல், அதாவது உறுமல் குரலோடு வருகிற முரட்டு மெட்டல், கலப்பு அதிகம். ஆல்பத்திலேயே பாருங்கள், முதல் பாட்டிலேயே ட்ரம்ஸ் பிளாஸ்ட் பீட்டில், அதாவது இடைவிடாத அதிவேக அடியில், பறக்கிறது. மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று பாய்ந்து, மறுபடி அடங்குகிற இசை அது. நல்ல இசைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சவ ஊர்வலத்தில் யாராவது ஓடுவார்களா? தெர்கோதான் ஆல்பத்தில் அந்த மாதிரிப் பாய்ச்சலே கிடையாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனம்.

தெற்குக்காற்று:

அப்படியானால் இப்போது ஆண்டு முக்கியமில்லை, பாணிதான் முக்கியம் என்கிறீர்கள். இது நீங்கள் ஆரம்பித்த வாதமே இல்லை.

ஊர்வலத்தில் ஓடுவார்களா என்று கேட்டீர்களே, எ பரியல் அட் ஓர்னான்ஸ் என்ற பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? குஸ்தாவ் கூர்பே வரைந்த சவ அடக்க ஓவியத்தின் பெயரைத்தான் அந்தப் பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. தொடக்கத்தில் ஒரு கிதார் மட்டும் தனியாக, எதிரொலியோடு, ஒரு சுரம் அடங்கிய பிறகுதான் அடுத்த சுரம். அதற்கு மேல் மற்ற வாத்தியங்கள் வந்து விழும்போது குழியில் மண் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு "வேறு வகை" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? அந்தக் குழுவும் பாவம்தான். அவ்வளவு பெரிய ஆல்பத்தைக் கொடுத்த அதே 1993-இல் கலைந்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பேச நாங்கள் நாலு பேர் இருக்கிறோம், அதையும் நீங்கள் பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

நிழல்வாசி:

பாருங்கள், பிளாஸ்ட் பீட் இருந்தால் ஃபியூனரல் டூம் ஆகுமா ஆகாதா என்பதுதான் கேள்வி. நான் முதலில் கேட்டதும் இதுதான். வரையறையை ஒருவர் எழுதுங்கள், பிறகு இரண்டு குழுவையும் அதில் வைத்துப் பார்ப்போம்.

பனிமுரசு:

நிழல்வாசி, வரையறை தெளிவாகத்தான் இருக்கிறது. தெர்கோதான் 1991-இல் வாசித்ததுதான் வரையறை.

கீழ்ஸ்தாயி:

இந்த இரண்டு குழுவுக்கும் முன்னால் நியூயார்க்கில் விண்டர் என்ற குழு இருந்ததை இங்கே ஒருவரும் சொல்லவில்லையே. 1988-இல் தொடங்கியவர்கள். இன்டு டார்க்னெஸ் 1990. டெமோ இல்லை, முழு ஆல்பம். கருந்தகடு விதிப்படி பார்த்தாலும் அதுதான் முதல். ஹவர் ஆஃப் டூம் என்று 1989-இல் டெமோவும் இருக்கிறது, ஆக பனிமுரசு விதிப்படியும் அதுதான் முதல். நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

நான் கிதார் வாசிக்கிறவன். இதைக் கையால் வாசித்துப் பார்த்தால் தெரியும். நரம்பை மூன்று, நாலு அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டால் அது தொளதொளவென்று ஆகிவிடும். பலமாக அடித்தால் முதலில் சுரம் கொஞ்சம் மேலே ஏறி, பிறகுதான் தன் இடத்துக்கு இறங்கும். வேகமான பாட்டில் அந்த இறக்கம் காதில் விழாது, அதற்குள் அடுத்த அடி வந்துவிடும். நிமிஷத்துக்கு 40 அடி என்ற கணக்கில் வாசித்தால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியில் சுரம் தொய்வது அப்படியே கேட்கும், வயிற்றில் ஏதோ இறங்குகிற மாதிரி. விண்டரின் இசையில் அந்தத் தொய்வு இருக்கிறது. அதற்குக் காரணம் நரம்பும் இடைவெளியும்தான்.

1971-இல் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துக்காக பிளாக் சப்பாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி மூன்று அரைச்சுரம் இறக்கியதிலிருந்து வருகிற பரம்பரை இது. முதலில் அதைப் படியுங்கள்.

பனிமுரசு:

அயோமி கதையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தகடு வெட்டும் ஆலையில் விரல் நுனி போனது, நரம்பைத் தளர்த்தியது, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

விண்டர் வாசித்தது டெத்-டூம், டெத் மெட்டலும் டூமும் கலந்தது. செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற பழைய மெட்டல் குழுவின் வாரிசு. நான் மதிக்கிற குழு. ஆனால் அவர்கள் இசையில் இருப்பது அழுக்கும் கோபமும். தெர்கோதானில் இருப்பது வேறு. பாடகர் நிக்கோ ஸ்கோர்பியோவின் அந்த உறுமல், குரல் மாதிரியே இருக்காது. தரைக்குக் கீழே எதையோ இழுத்துப் போகிற சத்தம். அது அடங்கினால் திடீரென்று வெறும் குரலில் மந்திரம் ஓதுகிற மாதிரி பாடுவார். நடுவில் கீபோர்டு, பழைய தேவாலயத்து ஆர்கன் தூரத்தில் கேட்கிற மாதிரி. ஒலிப்பதிவு மங்கல்தான், ட்ரம்ஸ் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். அந்த மங்கல்தான் அதற்கு உயிர். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கதைகளில் வருகிற பாழ்வெளி, காடத் என்ற மர்ம இடம், அந்தப் பெயர் தெரியாத பழைய தெய்வங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு சத்தம் உண்டென்றால் இதுதான். மொத்தம் 40 நிமிஷம், ஆறு பாட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

முதல் தடவை ஹெட்போனில் கேட்ட இரவு எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்து ரொம்ப நேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை "அடுத்த ஆண்டு அதே வழியில் வந்தது" என்று ஒருவர் எழுதினால் நான் சும்மா இருக்க முடியாது. 1991. அதை எழுதியிருக்க வேண்டும்.

கீழ்ஸ்தாயி:

நீங்கள் வருணித்தது அத்தனையும் ஆல்பம். டெமோவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆல்பம் எந்த ஆண்டு?

கருந்தகடு:

1994.

பனிமுரசு:

வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். 1993-இல் கலைந்த குழு 1994-இல் எப்படிப் பதிவு செய்திருக்கும்? ஆல்பம் பதிவானது கலைவதற்கு முன்னால்தானே? தாமதம் வெளியீட்டில்தான். குழந்தை என்றைக்குப் பிறந்தது என்று கேட்டால் பெயர் சூட்டிய நாளைச் சொல்வீர்களா?

கருந்தகடு:

பதிவேட்டில் எழுதிய நாளைச் சொல்வேன். தட்டின் உறையில் எந்த ஆண்டு இருக்கிறதோ அதுதான். என்னிடம் தட்டு இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பனிமுரசு:

வந்துவிட்டீர்களா தட்டுக்கு! எந்த விவாதத்திலும் கடைசியில் உங்கள் அலமாரியைத் திறந்து காட்டாமல் உங்களால் இருக்க முடியாது. இசை காதில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.

கருந்தகடு:

காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு விற்பனையாளர் முதல் பதிப்பு என்று சொல்லி மறுபதிப்பை அனுப்பி என்னை ஏமாற்றினார். திருப்பி அனுப்பி, மூன்று மாதம் சண்டை போட்டு, பிறகு வேறு ஒருவரிடம் வாங்கினேன். உறையின் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். எங்கேயோ இறக்கிய கோப்பைக் கேட்டுவிட்டு ஆண்டு பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பனிமுரசு:

எங்கேயோ இறக்கிய கோப்பா? என் சேகரிப்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? உங்களிடம் பட்டியல் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மெதுநடை:

ஒருவர் அலமாரி, ஒருவர் இருபது வருஷம். நடுவில் குழுவைக் காணோம்.

யாருக்காவது தெரியுமா, தெர்கொத்தோனில் ட்ரம்ஸ் வாசித்த யோரி ஷோரூஸ் பின்னால் பி.எம்.எம்.பி. என்ற ஃபின்னிஷ் பாப் குழுவுக்குப் பாட்டு எழுதித் தயாரித்தார். அந்தக் குழு ஃபின்லாந்தில் பெரிய வெற்றி. உலகத்திலேயே மெதுவான இசையை வாசித்த கை, ரேடியோவில் எல்லாரும் பாடுகிற பாட்டுகளையும் போட்டிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். மூன்று வருஷத்தில் கலைந்தது தோல்வி இல்லை, அவர்களுக்குச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, அடுத்ததற்குப் போனார்கள், அவ்வளவுதான்.

பனிமுரசு:

அந்தப் பாப் விவகாரத்தை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? அதைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் கலைந்த பிறகு திஸ் எம்ப்டி ஃப்ளோ என்று ஆரம்பித்தார்கள், 1996-இல் மஜென்டா ஸ்கைகோட் என்று ஒரு ஆல்பம், அது வரைக்கும் சரி. அதில் இருட்டு இருந்தது. அதற்கு அப்புறம் நடந்தது தெர்கோதான் வரலாறே இல்லை.

மெதுநடை:

ஏன் இல்லை? அதே மனிதர்தானே? உங்களுக்குப் பிடித்த மூன்று வருஷத்தோடு அவர் நின்றிருக்க வேண்டுமா? பாப் என்றால் மட்டமா? நாலு நிமிஷத்தில் ஒரு மெட்டை மனசில் உட்கார வைப்பதும் கஷ்டம்தான். ட்ரம்ஸ் வாசிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், மெதுவாக வாசிப்பதற்குத் தாளக் கட்டுப்பாடு எவ்வளவு வேண்டும் என்று. அடிகளுக்கு நடுவே இடைவெளி நீள நீளக் கை முந்திக்கொள்ளப் பார்க்கும். அந்தப் பயிற்சி வீணாகவா போகும்?

பனிமுரசு:

தம்பி, மட்டம் என்று நான் சொன்னேனா?

மெதுநடை:

மறுபடியும் தம்பி. ஒரு தடவை சொன்னேன் இல்லையா?

தெற்குக்காற்று:

1990 டெமோவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டுகிறேன். மோர்னிங் செப்டம்பர். 1990.

பனிமுரசு:

பதில் சொல்லிவிட்டேன். அது டெத் மெட்டல் கலப்பு.

தெற்குக்காற்று:

தெர்கோதானின் உறுமல் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? அதுவும் டெத் மெட்டல்தானே? உங்கள் குழுவில் இருந்தால் ஆழம், எங்கள் குழுவில் இருந்தால் கலப்பா?

நிழல்வாசி:

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். ஃபின்லாந்திலேயே ஸ்கெப்டிசிசம் இருக்கிறார்கள், ரீஹிமாகி ஊர். 1991-இல் தொடங்கினார்கள், ஸ்டார்ம்க்ரோஃப்ளீட் ஆல்பம் 1995. ஆர்கன் ஒலியை இந்த இசையின் நடு இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பர்மிங்ஹாமில் எசோடெரிக் 1992-இலிருந்து இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல் நாலு ஊரில் ஒரே சமயத்தில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம் அல்லவா? அப்படி வந்திருந்தால் "முதல்" என்ற நாற்காலியே வேண்டாமே.

பனிமுரசு:

நிழல்வாசி, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் எல்லாரும் சமம் என்று சொல்லி முடித்துவிட்டால் வரலாறு எதற்கு? 2009-இல் ரைசிங் ஆஃப் யோக்-சோத்தோத் என்று ஒரு ஆல்பம் வந்தது, பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து தெர்கோதான் பாட்டுகளைத் திரும்ப வாசித்தது. கலைந்து பதினாறு வருஷம் கழித்து! அதன் பெயரைப் பாருங்கள். எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்? 1991 டெமோவின் பெயரை நினைவூட்டுகிற மாதிரி யோக்-சோத்தோத். அஞ்சலி செலுத்தியவர்களுக்கே எது ஆரம்பம் என்று தெரிந்திருக்கிறது.

கருந்தகடு:

அஞ்சலி ஆல்பம் 2009. ஆல்பம் 1994. டெமோ கணக்கில் வராது.

கீழ்ஸ்தாயி:

நான் வேண்டுமானால் ஒரு வழி சொல்கிறேன். விண்டர் ஆல்பத்தையும் தெர்கோதான் ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ரிஃப், அதாவது கிதாரில் திரும்பத் திரும்ப வருகிற துணுக்கு, எங்கிருந்து வந்தது என்று காதே சொல்லும். 2011-இல் ரோட்பர்ன் இசை விழாவில் விண்டர் மறுபடி மேடை ஏறினார்கள். உங்கள் குழு ஏறியதா?

பனிமுரசு:

ஏறவில்லை என்பதுதான் அவர்களுடைய பெருமை. காசுக்காகத் திரும்பி வரவில்லை.

கீழ்ஸ்தாயி:

விண்டர் காசுக்காக வந்தார்கள் என்று சொல்கிறீர்களா? இருபது வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்த குழு. நன்றாக யோசித்துவிட்டு எழுதுங்கள். இதை நான் மறக்க மாட்டேன்.

தெற்குக்காற்று:

டிஸெம்பவல்மென்ட்டில் வாசித்தவர்களில் இரண்டு பேர் பின்னால் இன்வர்லாக் என்று புதுக் குழு ஆரம்பித்தார்கள். அவர்களும் காசுக்காகத்தானா?

பனிமுரசு:

நான் யாரையும் சொல்லவில்லை. தெர்கோதான் திரும்பி வராததைச் சொன்னேன். எல்லாரும் சேர்ந்துகொண்டு ஒரே ஆளைச் சுற்றி நிற்கிறீர்கள், நிற்கட்டும். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லத் தெம்பு இருக்கிறது.

இன்றைக்கு டெமோவை மறுபடி கேட்டேன், யெட் த வாச்சர்ஸ் கார்ட் மட்டும் நாலு தடவை. பிறகு ஆல்பத்தில் இருப்பதையும் கேட்டேன். இரண்டும் ஒரே பாட்டு, ஒரே எலும்பு. டெமோவில் கரடுமுரடு, ஆல்பத்தில் கனம். 1991-இல் நட்ட மரத்தில்தான் 1994-இல் பழம் பறித்தார்கள். நாளைக்கு எலிமென்டலையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பகுதியாக எழுதுகிறேன். படித்துவிட்டு அதற்கு அப்புறம் பேசுங்கள்.

கருந்தகடு:

எழுதுங்கள். தலைப்பில் ஆண்டைச் சரியாகப் போடுங்கள், 1994 என்று.

மெதுநடை:

குழுவின் பெயரையும் சரியாக எழுதுங்கள். தெர்கொத்தோன். அப்புறம் அந்தத் "தம்பி"க்கு நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

பனிமுரசு:

தெர்கோதான். 1991.